ஒரே பாறையைச் சுற்றி நான்கு நாள்

கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். பாரிஸ் புறநகரில் இருக்கிறீர்கள். ஏப்ரல் பள்ளி விடுமுறையில் தென்மேற்கு பிரான்ஸின் தோர்தோஞ் மாவட்டத்து லெஸ் எஸி கிராமத்தில் நான்கு நாள் தங்க அறை போட்டாயிற்று. பத்து வயதிலும் பதினாலு வயதிலும் இரண்டு பிள்ளைகள். கூடவே அப்பா வருகிறார். அவருக்கு முழங்கால் வலி, சாப்பாடு சைவம். கார் உண்டு. பனியுக ஓவியங்களுக்குப் பேர்போன லாஸ்கோ குகை தவிர அங்கே என்ன இருக்கிறது, நடக்க நல்ல பாதை உண்டா, நான்கு நாள் போரடிக்காதா?

போரடிக்காது. ஆனால் போரடிக்க வைக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. முதல் முறை போனபோது நான் அதைத்தான் செய்தேன். ஒரே நாளில் மூன்று குகை, ஒரு மியூசியம், ஒரு கோட்டை. இரவு அறைக்குத் திரும்பி யோசித்தால் எந்தக் காட்டெருமை எந்தக் குகையில் இருந்தது என்பதே நினைவில்லை. அதனால் ஒரு நாளைக்கு ஒரு குகைக்கு மேல் வேண்டாம். மீதி நேரம் வெளியே நடங்கள். அந்த ஊரில் நடை என்பது குகைகளுக்கு நடுவே கால் நீட்டும் இடைவேளை இல்லை. குகைகள் ஏன் அங்கே இருக்கின்றன என்பதே நடந்தால்தான் புரியும்.

ஊர்ப் பெயரைச் சேர்த்து 'லெஸெஸி' என்று சொல்வார்கள். ஆயிரம் பேர் அளவில் வாழும் சின்ன ஊர். ஒரு பெரிய தெரு, அதற்குப் பின்னால் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை, முன்னால் வெஸேர் ஆறு. அந்தப் பாறையைக் கொஞ்சம் கவனியுங்கள். நடுநடுவே கிடைமட்டமாக உள்வாங்கியிருக்கும், திண்ணைக்கு மேல் தாழ்வாரம் இறக்கிய மாதிரி. பாறையில் சில அடுக்குகள் கெட்டி, சில அடுக்குகள் மிருது. பனிக்காலங்களில் மிருதுவான அடுக்குக்குள் புகுந்த நீர் உறைந்து உருகி உறைந்து அதை உதிர்த்துவிட்டது. மேலே இருந்த கெட்டி அடுக்கு கூரையாக நின்றுவிட்டது. இந்தப் பாறைத் தாழ்வாரத்துக்கு 'அப்ரி' என்று பெயர். பாதிப் பெயர்ப் பலகைகளில் இந்தச் சொல் வரும். பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

ஆதி மனிதர்கள் குகைக்குள் வாழ்ந்தார்கள் என்று நாம் படித்ததெல்லாம் அங்கே போய் நின்றால் தலைகீழாகிவிடும். அவர்கள் வாழ்ந்தது இந்தத் தாழ்வாரங்களில். வெயில் படும், மழை படாது, கீழே ஆறு, ஆற்றங்கரையில் கலைமான் (ரெயின்டீர்) கூட்டம், பாறைக்குள்ளேயே ஆயுதத்துக்கு வேண்டிய சிக்கிமுக்கிக் கல். இருட்டான ஆழக் குகைக்குள் அவர்கள் போனது வரைவதற்கு. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் நான்கு நாளும் பார்ப்பது எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்காரும்.

முதல் நாள் காரை எடுக்கவே வேண்டாம். தெருவில் இருக்கும் வரலாற்றுக்கு முந்தைய காலத்துக்கான விளக்க மையத்தில் தொடங்குங்கள். நுழைவு இலவசம், பள்ளத்தாக்கின் பெரிய மாதிரிப் படம், காலக்கோடு எல்லாம் இருக்கும். அரை மணி போதும். பிறகு பாறையை ஒட்டி இருக்கும் தேசிய மியூசியம். அதன் மேல்தளத்தில் 1931இல் பால் தார்தே செதுக்கிய ஆதிமனிதன் சிலை, கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பஸ் வருகிறதா என்று பார்ப்பவனைப் போல ஆற்றைப் பார்த்து நிற்கும். அழகான சிலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊரே அதை விட்டுக் கொடுக்காது.

மியூசியத்தில் எல்லாவற்றையும் பார்க்க முயற்சி செய்யாதீர்கள். ஆயிரக்கணக்கான கல் கருவிகள் வரிசையாக இருக்கின்றன. பத்து வயதுப் பிள்ளை இரண்டாவது அலமாரியிலேயே உட்கார்ந்துவிடும். இரண்டு பொருளை மட்டும் தேடிப் பிடியுங்கள். ஒன்று, பக்கத்து லா மத்லேன் பாறைத் தாழ்வாரத்தில் கிடைத்த, கலைமான் கொம்பில் செதுக்கிய காட்டெருமை. கழுத்தைத் திருப்பித் தன் விலாவை நக்கிக்கொண்டிருக்கும். உள்ளங்கை அளவுதான். இன்னொன்று, ரோக் து மர்சால் குகையில் கிடைத்த, நமக்கு முன்பே இங்கே வாழ்ந்து அழிந்துபோன நியாண்டர்தால் மனித இனத்துக் குழந்தையின் எலும்புக்கூடு. அதற்கு முன்னால் பிள்ளைகள் தானாகவே அமைதியாகிவிடுவார்கள். மியூசியத்துக்குக் கோடை தவிர்த்த மாதங்களில் செவ்வாய் விடுமுறை. உங்கள் நான்கு நாளில் செவ்வாய் வந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம்.

இந்த மியூசியம் உருவான கதையில்தான் ஊரின் கதையே இருக்கிறது. 1863இல் எதுவார் லார்தே, ஹென்றி கிறிஸ்டி என்ற இருவர் இந்தப் பள்ளத்தாக்கில் தோண்டத் தொடங்கினார்கள். (அதே 1863 மே மாதம்தான் ஆங்கிலேய நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் நம் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தார். கற்கால ஆராய்ச்சி இரண்டு ஊரிலும் ஒரே வருடத்துப் பிள்ளை.) 1868இல் ஊருக்குள்ளேயே, சாலை வேலைக்காகத் தோண்டிய இடத்தில், ஐந்து பேரின் எலும்புகளும் துளையிட்ட சிப்பிகளும் கிடைத்தன. இடத்தின் பெயர் க்ரோ-மஞோன். பாடப்புத்தகத்தில் வரும், நம் இனத்தையே சேர்ந்த பனியுக 'குரோ-மேக்னன் மனிதன்' என்ற பெயர் பிறந்த இடம் இதுதான்; ரயில் நிலையத்திலிருந்து நடை தூரம். போய்ப் பார்த்தால் ஒரு பாறைத் தாழ்வாரம், அவ்வளவுதான். எலும்புகள் பாரிஸில், உங்கள் ஊர் மியூசே த லோமில் இருக்கின்றன.

இந்தப் பள்ளத்தாக்கின் விதியே அதுதான். லெ மூஸ்தியேயில் 1908இல் கிடைத்த நியாண்டர்தால் எலும்புக்கூடு பெர்லினுக்கு விற்கப்பட்டது. கப் ப்ளானில் 1911இல் கிடைத்த பெண்ணின் எலும்புக்கூடு கடைசியில் சிகாகோ போய்ச் சேர்ந்தது. அதே வருடம் லோஸெலில் கிடைத்த, கொம்பைக் கையில் ஏந்திய பெண் சிற்பம் போர்தோ நகரில் இருக்கிறது. ஊர்ப் பள்ளி ஆசிரியராக இருந்த தெனி பெய்ரோனி இதையெல்லாம் பார்த்துப் பொறுக்காமல்தான், பாறையை ஒட்டிய பாழடைந்த கோட்டையை 1913இல் அரசு வாங்கும்படி செய்து அங்கே மியூசியம் கொண்டுவந்தார். தூக்கிக்கொண்டு போகக்கூடியது எல்லாம் போன பிறகு மிச்சம் இருப்பது பாறையோடு ஒட்டிய பொருள்கள். அவற்றைப் பார்க்க நாம்தான் போக வேண்டும்.

சில சமயம் அந்தப் பாறையையே பெயர்க்கப் பார்த்தார்கள். ஊருக்கு வெளியே ஆற்றின் மறுகரையில், கோர்ஜ் தான்ஃபேர் என்ற சிறு பள்ளத்தில் 'மீன் தாழ்வாரம்' இருக்கிறது. கூரையில் ஒரு மீட்டர் நீள சால்மன் மீன், சுமார் 25,000 வருடப் பழசு. வாயும் செவுளும்கூடத் தெளிவாகத் தெரியும். அதைச் சுற்றி ஆழமாக வரிசையாகத் துளைகள். அதுவும் ஆதி மனிதன் போட்டது என்று நினைத்துவிடாதீர்கள். 1912இல் மீன் கண்டுபிடிக்கப்பட்டதும் பெர்லின் அருங்காட்சியகத்துக்கு விற்பதற்காக அதை அறுத்தெடுக்கப் பார்த்தார்கள். அரசு தலையிட்டதால் பாதியில் நின்ற வேலையின் தழும்பு அது. எனக்கு மீனைவிட அந்தத் துளைகள்தான் அதிகம் நினைவில் இருக்கின்றன. வழிகாட்டியோடு மட்டும்தான் விடுவார்கள், முன்பதிவு வேண்டும்.

முதல் நாள் மாலை நடைக்கு ரயில் நிலையப் பக்கம் தயாக் தேவாலயம் வரை போய் வாருங்கள். சமதளம், அப்பாவும் வரலாம். 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம். கோயில் என்று சொன்னால்தான் தெரியும், பார்க்கக் கோட்டை போல இருக்கும். இரண்டு பக்கமும் கோபுரம், சுவரில் குறுகலான துளைகள். சண்டைக் காலத்தில் ஊர் மக்கள் ஒளிந்துகொள்ளக் கட்டியது.

இரண்டாம் நாள் ஃபோன்-து-கோம். இதற்காகத்தான் இந்த ஊரில் தங்க வேண்டும் என்பேன். பல வண்ணத்தில் தீட்டிய பனியுகக் குகை ஓவியங்களில், அசலையே பொதுமக்கள் பார்க்கக் கூடிய இடம் உலகத்தில் மிக மிகக் குறைவு. இது அதில் ஒன்று. லாஸ்கோவின் அசல் குகை, ஆட்களின் மூச்சுக்காற்றால் ஓவியம் கெடத் தொடங்கியதால், 1963இலேயே மூடப்பட்டுவிட்டது. இங்கேயும் அதே பயம் உண்டு. அதனால் சின்னச் சின்னக் குழுக்களாகக் கொஞ்சம் பேரைத்தான் ஒரு நாளைக்கு விடுகிறார்கள். டிக்கெட் கிடைப்பதுதான் பெரிய வேலை. அறை போட்டாயிற்று என்றீர்களே, அதற்கு முன்பே இதைப் போட்டிருக்க வேண்டும். இன்றைக்கே அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பாருங்கள். திறக்கும் நாள், நேரம் எல்லாம் பருவத்துக்குப் பருவம் மாறும். 18 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை, ஆனாலும் பிள்ளைகளுக்கும் இடம் பதிய வேண்டும்.

குகை ஊரிலிருந்து நடக்கும் தூரம்தான், சார்லா நகருக்குப் போகும் சாலையில் ஒரு கிலோமீட்டர். ஆனால் டிக்கெட் கொடுக்கும் இடத்திலிருந்து குகை வாயிலுக்கு சுமார் 400 மீட்டர் தூரம் ஏறி நடக்க வேண்டும். அப்பாவுக்கு இதுதான் சிக்கல். நிதானமாக, கைத்தடியோடு, நின்று நின்று ஏறினால் முடியலாம். குழு புறப்படும் நேரத்துக்கு அரை மணி முன்பே ஏறத் தொடங்கிவிடுங்கள். உள்ளே பை, போட்டோ இரண்டும் கூடாது. வெளியே வெயில் அடித்தாலும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும்.

உள்ளே முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது. ஏமாந்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றும். பிறகு வழிகாட்டி விளக்கைப் பக்கவாட்டில் சாய்ப்பார். பாறையின் புடைப்பு தோளாகும், குழிவு வயிறாகும், ஒரு காட்டெருமை அப்படியே சுவரிலிருந்து எழுந்து வரும். வரைந்தவர் முதலில் பாறையைத் தடவிப் பார்த்திருக்கிறார், விலங்கு ஏற்கெனவே அதில் இருந்திருக்கிறது. இரண்டு கலைமான்கள் எதிரெதிரே நிற்கும் இடமும் வரும்: ஒன்று முன்காலை மடித்துக் குனிந்திருக்க, மற்றது அதன் நெற்றியை நக்கும். நிறம் மங்கிவிட்டது, பொறுமையாகப் பார்க்க வேண்டும். 15,000 வருடத்துக்கு மேல் ஆன அன்பு. விலங்கென்றால் வேட்டைதான் என்று நினைத்திருந்த என் நினைப்பு அங்கேதான் ஆட்டம் கண்டது.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் குகை ஊராருக்கு எப்போதுமே தெரியும். 19ஆம் நூற்றாண்டில் உள்ளே போனவர்கள் சுவரில் தங்கள் பெயரைக்கூடக் கிறுக்கிவிட்டு வந்தார்கள். ஓவியத்தை யாரும் கவனிக்கவில்லை. 1901 செப்டம்பர் 12இல்தான் பெய்ரோனி கவனித்தார். அதற்கு நான்கு நாள் முன்பு, பக்கத்திலிருக்கும் கோம்பரெல் குகையின் செதுக்கல்களைக் கண்டவர்களிலும் அவர் ஒருவர். லாஸ்கோ கிடைத்ததும் ஒரு செப்டம்பர் 12தான், 1940இல். கோம்பரெலுக்கும் டிக்கெட் கிடைத்தால் பதினாலு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இன்னொரு நாள் போங்கள். அங்கே வண்ணம் கிடையாது, அறுநூறுக்கும் மேற்பட்ட செதுக்கல்கள். பாதை மிகக் குறுகல். மூடிய இடத்தில் மூச்சு முட்டுபவர்களுக்கு வேண்டாம்.

ஃபோன்-து-கோம் டிக்கெட் கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம், ரூஃபிஞாக் இருக்கிறது. உண்மையில் உங்கள் அப்பாவுக்கு இதுதான் சரியான குகை. உள்ளே சின்ன மின்சார ரயிலில் உட்கார்ந்தபடியே போகலாம். சுரங்கம் மொத்தம் எட்டு கிலோமீட்டர், ரயில் போவது அதில் ஒரு பகுதி. வழியில் குகைக் கரடிகள் உறங்கத் தோண்டிய பள்ளங்கள், அவை சுவரில் நகம் தீட்டிய கோடுகள், அப்புறம் மம்மூத்துகள், அதாவது அழிந்துபோன ரோம யானைகள். நூற்றைம்பதுக்கு மேல்! கடைசியில் ரயிலை விட்டு இறங்கிப் பார்க்கும் பெரிய கூரையில் குதிரை, காட்டெருமை, மம்மூத், வரையாடு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக. இப்போது நாம் நிற்பதற்காகத் தரையைத் தாழ்த்தியிருக்கிறார்கள். வரைந்த காலத்தில் கூரைக்கும் தரைக்கும் நடுவே ஒரு மீட்டர் அளவுதான் இடம். மல்லாந்து படுத்துக்கொண்டு, வரையும் விலங்கின் முழு உருவத்தையும் ஒரே பார்வையில் பார்க்கக்கூட முடியாமல் வரைந்திருக்கிறார்கள். காலையிலேயே போய் வரிசையில் நிற்பது நல்லது.

இனி பாதைகள். ஜி.ஆர். 6, ஜி.ஆர். 36 என்ற இரண்டு நெடும்பாதைகள் ஊர் வழியாகப் போகின்றன. அவற்றுக்கு வெள்ளையும் சிவப்பும் கோடு. உள்ளூர்ச் சுற்றுப்பாதைகளுக்கு மஞ்சள் கோடு. கிளம்பிய இடத்துக்கே திரும்ப வந்துவிடலாம் என்பதால் உங்களுக்கு இதுதான் ஏற்றது. கோடு மரத்திலோ கல்லிலோ கம்பத்திலோ இருக்கும். பெருக்கல் குறி கண்டால் அந்தப் பக்கம் பாதை இல்லை என்று அர்த்தம். கால் மணி நேரமாகக் கோடே தென்படவில்லை என்றால் தப்பிவிட்டீர்கள், கடைசியாகப் பார்த்த கோட்டுக்குத் திரும்புங்கள். குறுக்கே போய்ப் பாதையைப் பிடிக்கலாம் என்று காட்டுக்குள் இறங்காதீர்கள். கீழே பாறை விளிம்பு எங்கே வரும் என்று தெரியாது. சுற்றுலா அலுவலகத்தில் சுற்றுப்பாதை வரைபடம் கேட்டு வாங்குங்கள். பள்ளத்தாக்கில் போன் சிக்னல் வரும் போகும், வரைபடத்தை முன்பே தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் காடு அழகு. ஓக் துளிர்க்கும், நிழலில் மண் ஈரமாக வழுக்கும், சாதாரண ஓட்டக் காலணி போதாது. புல்லில் உண்ணி இருக்கும். மாலையில் பிள்ளைகளின் முழங்கால் பின்புறம், காது மடல், இடுப்பு எல்லாம் பாருங்கள். இலையுதிர்காலத்தில் வருபவர்களாக இருந்தால் வேட்டைக் காலம், பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள் என்று சொல்லியிருப்பேன். ஏப்ரலில் அந்தக் கவலை குறைவு. வழியில் அழகான சிக்கிமுக்கிச் சில்லு கிடந்தால் பிள்ளைகள் பைக்குள் போடப் பார்ப்பார்கள். கிடந்த இடத்திலேயே விடச் சொல்லுங்கள். எடுத்துக்கொண்டு போனவர்களின் கதைதான் மேலே சொல்லியாயிற்றே.

ஒரே ஒரு நடைதான் முடியும் என்றால் கப் ப்ளானையும் கொமார்க்கையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றாம் நாளை அதற்கு ஒதுக்குங்கள். கப் ப்ளான் ஒரு பாறைத் தாழ்வாரம். 1909இல் தோண்டியபோது வெளிப்பட்ட குதிரைகள் பாறையிலேயே புடைப்பாகச் செதுக்கப்பட்டவை, கிட்டத்தட்ட நிஜ அளவு. ஓவியம் பார்க்கப் பழகாத கண்ணுக்குக்கூட உடனே பிடிபடும். தோண்டியவர்களின் கடப்பாறை பட்ட காயமும் அதில் இருக்கிறது. பார்த்துவிட்டு வெளியே வந்தால் காட்டுப்பாதை கீழே பள்ளத்தாக்குக்கு இறங்கும். எதிர்ப்புறம் மரங்களுக்கு மேலே கொமார்க் கோட்டையின் கோபுரம் தெரியும்.

இடத்துக்கு இடம் ஓட நேரமில்லாதவர்கள் பள்ளத்தாக்கின் கதை முழுவதையும் கொமார்க்கில் ஒரே பாறையில் படித்துவிடலாம். அடியில் ஒரு குகை, அதில் 1915இல் கண்டுபிடித்த குதிரைத் தலைச் சிற்பம். அது பூட்டிக் கிடக்கும், நம்மை விட மாட்டார்கள். அதற்கு மேல் பாறையைக் குடைந்த வீடுகள். அதற்கும் மேல் 12ஆம் நூற்றாண்டு முதல் பிரபுக் குடும்பங்கள் ஆளுக்கொன்றாகக் கட்டிய கோபுர வீடுகள், தேவாலயம், உச்சியில் காவல் கோபுரம். பிறகு எல்லோரும் போய்விட, காடு மூடிவிட்டது. இப்போது மரம் வெட்டி, மண் அள்ளி, கல் அடுக்கி மீட்டிருக்கிறார்கள். ஆனால் சினிமா செட் மாதிரி மெருகேற்றவில்லை, இடிபாடு இடிபாடாகவே இருக்கிறது. இங்கே கோபுரம் ஏறப் படிகள் அதிகம். கார் நிறுத்தும் இடத்திலிருந்தும் கொஞ்சம் இறங்கி நடக்க வேண்டும். அப்பாவைக் கட்டாயப்படுத்தாதீர்கள், கீழே புல்வெளியில் ஒரு நாற்காலியும் ஃபிளாஸ்க்கில் காபியும் இருந்தால் அவருக்கு அதுவே போதும்.

ரோக் சேன்-கிறிஸ்தோஃப் என்று ஒரு பாறைச் சுவர் இருக்கிறது, ஒரு கிலோமீட்டர் நீளம், 80 மீட்டர் உயரம், ஐந்து அடுக்கு. 1588இல் மதப் போர்களின்போது இடிக்கப்படும் வரை அங்கே ஒரு ஊரே வாழ்ந்தது. உத்திரம் செருகிய துளைகளும் கயிறு கட்டப் பாறையிலேயே குடைந்த வளையங்களும் அப்படியே இருக்கின்றன. பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் எனக்கு அதை ஆற்றிலிருந்து பார்க்கத்தான் பிடிக்கும். சேன்-லெயோனில் ஏறி லெஸ் எஸிப் பக்கம் வரும் கனூ படகு வழியில், ஒரு வளைவு திரும்பியதும் அந்தச் சுவர் மொத்தமும் தலைக்கு மேலே நிற்கும். ஏப்ரலில் தண்ணீர் குளிரும், மழை பெய்திருந்தால் வேகமும் இருக்கும். வாடகைக்கு விடுகிறார்களா என்று அன்றன்று கேட்டுக்கொள்ளுங்கள். நீச்சல் தெரியாத பிள்ளையை ஏற்ற மாட்டார்கள், ஏற்றவும் கூடாது.

லாஸ்கோவைப் பற்றிக் கேட்டீர்கள். மோந்திஞாக்கில் 2016இல் திறந்த பெரிய மாதிரிக் குகை நன்றாகவே செய்யப்பட்டிருக்கிறது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கடைசி நாளுக்கு வையுங்கள். அசலைப் பார்த்த பிறகு மாதிரியைப் பார்த்தால் லாஸ்கோவின் பிரமாண்டம் மனதில் பதியும். மாதிரியை முதலில் பார்த்துவிட்டால், அதன் பளிச்சென்ற நிறத்துக்குப் பக்கத்தில் ஃபோன்-து-கோமின் மங்கல் பிள்ளைகளுக்குச் சப்பென்று ஆகிவிடும். என் வீட்டில் இது நடந்தது.

சாப்பாடு. அங்கே வாத்துதான் ராஜா. சாலட்டில் வாத்து, சூப்பில் வாத்து. உருளைக்கிழங்குதானே என்று அப்பாவுக்கு 'சார்லா உருளைக்கிழங்கு' வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அதை வறுப்பதே வாத்துக் கொழுப்பில். ஆர்டர் செய்யும்போது 'வாத்துக் கொழுப்பு சேர்க்கிறீர்களா' என்று தனியாகக் கேட்க வேண்டும். சைவம் என்று மட்டும் சொன்னால் சிலர் கொழுப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. சூடாக்கிய கபெக்கூ ஆட்டுப் பாலாடைக்கட்டி போட்ட சாலட், ஆம்லெட், வால்நட் கேக் இவை கிடைக்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல் சமையலறை மூடிவிடும். ஒரு முறை இரண்டேகாலுக்குப் போய் நின்றேன், ஒரு முட்டைகூடப் போட்டுத் தர மாட்டோம் என்றுவிட்டார்கள். அதிலிருந்து சமையல் வசதியுள்ள அறைதான் எடுப்பது, காலையிலேயே எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு கிளம்புவது. ஆற்றங்கரையில் பெஞ்சுகள் இருக்கின்றன.

காய்கறிக்கு சார்லா சந்தை, புதனும் சனியும். காரில் அரை மணி. சனிக்கிழமை என்றால் ஒன்பது மணிக்கு முன்பே போய்விடுங்கள், அதற்கப்புறம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.